மூன்றாவது அடுக்கு

என்னை "மலாக்காவில் ஃபைபர்கிளாஸ் வேலை செய்த முதல் பெண்" என்று அறிமுகப்படுத்தினார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அதை மறந்துவிடுங்கள். எனக்கு முன்னால் வேறு யாராவது பெண் இந்த வேலையைச் செய்திருக்கலாம். எழுதி வைக்க ஆளில்லாமல் போயிருக்கும். பாராட்டை வாங்கிப் பத்திரப்படுத்தும் வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. இந்த ஆயர் குரோ பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு பானெட்டை, காரின் என்ஜின் மூடியைப் பற்றிச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்.

நீங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கார்பன் நாரிலும் கெவ்லாரிலும் பானெட்டும் கதவும் செய்கிறீர்கள். காற்றை உறிஞ்சி இறுக்கும் பை இருக்கிறது, பெரிய சூட்டடுப்பு இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு வாளி, இரண்டு பெயின்ட் பிரஷ், ஒரு கத்தரிக்கோல். உங்கள் துணி கறுப்பும் மஞ்சளும். எங்கள் துணி வெள்ளை. கண்ணாடி நாரில், அதாவது ஃபைபர்கிளாஸில் நெய்தது. மற்றபடி வேலை அதேதான். துணியை அச்சின்மேல் படியவைக்கிறோம், பிசினால் நனைக்கிறோம், இறுகியதும் கழற்றுகிறோம். எத்தனை அடுக்குத் துணி என்று முடிவு செய்யும் இடத்தில் ஒரு மனிதன் முழு முகத்தோடு வீடு திரும்புவானா மாட்டானா என்பதும் முடிவாகிவிடுகிறது. எனக்கு அது தெரிந்த விதம் நல்ல விதம் அல்ல.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறிய வருடத்தில், இந்த ஊர்க் காஜா பெராங்கில் ஒரு சீன முதலாளியின், தௌக்கே என்போம், கார்ப் பட்டறையில் மெத்தை தைக்கச் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது. கிழிந்த இருக்கைகளுக்குத் தோல் உறை தைப்பது, மழைக்கூரைக்குக் கித்தான் தைப்பது, இவைதான் வேலை. பட்டறையில் எல்லோரும் பேசியது மலாய். நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

அங்கே தகரம் தட்டும் தலைமை வேலைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அபாங் என்றே கூப்பிட்டோம். அண்ணன் என்று அர்த்தம். பக்கத்திலேயே சிட்டிக் குடும்பம், எப்போதோ வியாபாரத்துக்கு வந்து தங்கி மலாய்ப் பேச்சுக்கு மாறிய தமிழ் வம்சம். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. மாரியம்மன் திருவிழாவில் எனக்கு முன்னால் நின்று கும்பிடுவார், திரும்பி என்னிடம் மலாயில் பேசுவார். நசுங்கிய கதவைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவியே எங்கே மேடு எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கை.

சிங்கப்பூரில் படகு கட்டுகிறவர்களிடமிருந்து தௌக்கே ஒருநாள் ஒரு சுருள் கண்ணாடித் துணியும் ஒரு டின் பிசினும் வாங்கி வந்தார். இனிமேல் தகரம் வேண்டாம், இதுதான் காலம் என்றார். அபாங் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஒரு காரின் முன்மூக்குக்கு அச்சு எடுத்து அதன்மேல் துணியைப் போட்டால், வளைவில் சுருங்கியது, குழிவில் ஒட்டாமல் எழும்பி நின்றது. தகரத்தைத் தட்டி வழிக்குக் கொண்டுவந்து பழகிய மனிதர் துணியையும் தட்டிக்கொண்டிருந்தார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்து மூன்று நாளும் பார்த்தேன். நான்காம் நாள் பொறுக்கவில்லை.

"அபாங், துணிய நேரா வெட்டாதீங்க. கிராஸ்ல வெட்டுங்க."

"என்னது?"

"ரவிக்கைக்கு நாங்க வெட்டுற மாதிரி. மூலைக்கு மூலை. அப்பத்தான் வளைவுக்கு இழுபடும்."

பெயின்ட் அடிக்கிறவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். காருக்கு ரவிக்கை என்று ஒருவன் பாட்டே கட்டினான். அபாங் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் வெட்டிப் போட்ட துணி அந்த மூக்கின்மேல் வழுக்கிக்கொண்டு படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அன்றிலிருந்து பாதி நாள் மெத்தை, பாதி நாள் கண்ணாடித் துணி. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பெண்கள் போடுவதுபோல் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன். அப்படியும் சாயங்காலம் உடம்பெல்லாம் அரிக்கும்.

நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். பிசின் இறுக இரண்டு மருந்து உண்டு. ஒன்று ஊதா, ஒன்று தண்ணீர்போல் இருக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் மற்றதை விட வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் இரண்டையும் ஒரு பால் டின்னில் சேர்த்து ஊற்றினேன். சீறியது. அடுத்த நொடி தீ. வலது முழங்கைவரை தோல் வெந்தது. இதோ பாருங்கள், இந்த இடத்தில் இன்றும் முடி முளைக்காது. அபாங்குக்கு ஆங்கிலம் கொஞ்சம் படிக்கத் தெரியும். பெட்டிக்குள் கிடந்த தாளை எடுத்து வாசித்தார். இரண்டையும் நேராகச் சேர்க்காதே என்று முதல் வரியிலேயே இருந்தது. மூன்று வாரமாக அந்தத் தாள் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. படித்துச் சொல்லுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கையில் கட்டோடு திங்கட்கிழமை வந்து, அந்த வரியைத் தமிழிலும் மலாயிலும் சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதினேன். சுவரை அசிங்கப்படுத்திவிட்டேன் என்று தௌக்கே கத்தினார். நான் அழிக்கவில்லை.

இனி அந்தப் பானெட்.

ஒரு ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், நாங்கள் துரை என்போம், பச்சை நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். அலோர் காஜா பக்கம் எருமைமேல் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. அபாங் பழைய பானெட்டை ஒருமாதிரி தட்டி உருவத்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டுவதற்கு உதவாது, அச்சு எடுக்க உதவும். துரைக்கும் தகரம் வேண்டாம். விமான ஓடுதளம் ஒன்றில் அடுத்த மாதம் வேகப் போட்டி இருந்தது. கார் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கண்ணாடி நாரில் பானெட் வேண்டும் என்றார்.

துரைமார்களுக்குத் தமிழ் தெரியும். வேலை வாங்கும் அளவுக்கு. என் அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்தத் துரையின் தோட்டத்தில் இல்லை, வேறு தோட்டம். ஆனால் சட்டம் ஒன்றுதான். துரையின் காடி வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். காடி என்றுதான் நாங்கள் காரைச் சொல்வோம். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்திருந்து நானும் இறங்கி நின்றிருக்கிறேன். தூசி அடங்கும்வரை நிற்போம்.

துரை வந்து என் வேலையைப் பார்த்தார். அச்சில் இரண்டு அடுக்குத் துணி போட்டிருந்தேன், மூன்றாவதை வெட்டி வைத்திருந்தேன்.

"அது எதுக்கு?"

"மூணாவது அடுக்கு, துரை."

"வேணாம். ரெண்டு போதும். கனம் ஏறும்."

"ரெண்டு அடுக்கு கொஞ்சம் மெல்லிசா இருக்கும் துரை."

"மெல்லிசாத்தானே நான் கேட்டது? சொன்னதச் செய்."

தௌக்கே அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டினார். நான் மூன்றாவது துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

பானெட் அச்சிலிருந்து கழன்று வந்ததும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன். டப் என்று உள்ளே போயிற்று, டப் என்று வெளியே வந்தது. பிஸ்கட் டின் மூடிபோல். அப்போதே எனக்குத் தெரியும். நான் சொன்னதோ, "கொஞ்சம் மெல்லிசா இருக்கும்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் அரைக் குரலில்.

மறுநாள் காலை கடலோரமாகப் போகும் தஞ்சோங் கிளிங் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். துரை ஓட்டினார். எங்காவது கடகடக்கிறதா என்று கேட்பதற்கு அபாங் பக்கத்தில் உட்கார்ந்தார். வேகம் ஏறியதும் காற்று விளிம்புக்கு அடியில் புகுந்திருக்கிறது. பானெட் நடுவில் உப்பி, பூட்டைப் பிய்த்துக்கொண்டு, பின்னால் மடங்கி முன்கண்ணாடியில் அறைந்திருக்கிறது. துரைக்கு உதட்டில் சின்னக் காயம். கண்ணாடிச் சில்லு அபாங்கின் முகத்தில்.

துரையே அந்த உடைந்த காரை ஓட்டி அபாங்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, சட்டையில் அபாங்கின் ரத்தத்தோடு நின்று, தௌக்கேயிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எவ செஞ்சா இத?"

தௌக்கே என்னைக் காட்டினார். துரைக்கு அவர் வாயில் மலாய்ப் பெயர், துவான். "புதுப் பொண்ணு துவான். அனுபவம் இல்ல. இனிமே தொடமாட்டா." பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிப்புக் கேட்டுட்டுப் போய் மெத்தையைத் தை லா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பானெட் எங்கே என்று கேட்டேன். ரோட்டோரம் கிடக்கிறது என்றார் துரை. நான் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங் சாலைக்குப் போனேன். தென்னைகளுக்கு நடுவே புல்லில் மூன்று துண்டாகக் கிடந்தது. கித்தான் கயிற்றால் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியபடியே திரும்பினேன். வழியில் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வழியில் ஆஸ்பத்திரி. சைக்கிளை வெளியே சாத்திவிட்டு உள்ளே போனேன். அபாங்குக்கு இடது பக்கம் முழுக்கக் கட்டு. வலது கண்ணால் என்னைப் பார்த்தார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"தெரியும் அபாங்."

"யார்கிட்டச் சொன்ன?"

"துரைகிட்ட. மெல்லிசா இருக்குன்னு சொன்னேன்."

"நான் அந்தக் காடியில ஏறப்போறேன்னு உனக்குத் தெரியும். என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து கதவுவரை போனபோது பின்னாலிருந்து சொன்னார். "அடுத்த தடவை தெரிஞ்சா கத்து. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகல."

கண் முழுதாகப் போகவில்லை. ஆனால் இடது கண்ணில் பாதிப் பார்வைதான் கடைசிவரை.

அன்று சாயங்காலம் அந்த மூன்று துண்டுகளையும் தரையில் சேர்த்து வைத்துக் கிழிந்த விளிம்புகளை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். நடுவில் உப்பி மடங்கிய இடம் துரை கேட்ட இரண்டு அடுக்கு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பூட்டு பிய்ந்த இடம் வேறு கதை சொன்னது. பூட்டின் திருகாணிகள் துணியைத் துளைத்துக்கொண்டு நேராக வெளியே வந்திருந்தன. அடியில் ஓர் இரும்புத் தகடு வைத்திருந்தால் இழுவிசை பரவியிருக்கும். ஒரு கித்தான் கூரையில் கொக்கி வைத்தால்கூட அடியில் தோல் துண்டு வைத்துத் தைப்பவள் நான். இங்கே வைக்கவில்லை. அதை யாரும் தடுக்கவில்லை. அது நானே மறந்தது.

மறுநாள் துரை மறுபடி வந்தார். தௌக்கே நாற்காலி போட்டார். நான் துண்டுகளைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தேன்.

"இதுல ரெண்டு தப்பு இருக்கு துரை. ஒண்ணு உங்களோடது, ஒண்ணு என்னோடது."

பட்டறையில் தட்டுகிற சத்தமெல்லாம் நின்றுபோனது.

"என்ன சொன்ன?"

"மூணாவது அடுக்கு வேணாம்னு சொன்னது நீங்க. பூட்டுக்கு அடியில தகடு வைக்காதது நான். என்னோடத நான் ஒத்துக்கிறேன். உங்களோடத நீங்க ஒத்துக்கிட்டா, ரெண்டையும் திருத்தி வேற ஒண்ணு செஞ்சு தரேன்."

அவர் முகம் சிவந்தது. மெதுவாகக் கேட்டார். "நீ எந்தத் தோட்டம்?"

உங்களுக்கு இந்தக் கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். உன் அப்பன் யார், எந்த லயத்து வரிசை வீடு, யாரிடம் சொன்னால் உன் வீட்டுக் கதவு மூடும் என்று அர்த்தம்.

"எந்தத் தோட்டமும் இல்ல. காஜா பெராங்."

அவர் எழுந்து போய்விட்டார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. தௌக்கே என்னைத் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியாத சீனம். புரிந்த பாதியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "கொடி மாறியிருக்கலாம் லா. காடி இன்னும் அவரோடதுதான்! வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு நான் வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. "தொரைகிட்டயா வாய் குடுத்த?" என்று கேட்டார். கோபமாக இல்லை. பயமாக. ஜன்னலைச் சாத்தினார். தோட்டத்தை விட்டு வந்து நான்கு வருடம் ஆகியும் அந்த மனிதர் ஜன்னலைச் சாத்தினார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம், துரை கேட்டபோதுகூட வரவில்லை. மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குப் பட்டறைக்குப் போய் என் மெஷினில் உட்கார்ந்தேன். போகச் சொன்னாரே தவிர வராதே என்று தௌக்கே சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் துரையின் கார் வந்து நின்றது. பானெட் இல்லாமல், என்ஜின் வெளியே தெரிய. போட்டிக்கு இன்னும் பத்து நாள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் பானெட் வர மாதங்கள் ஆகும். மலாக்காவில் இதைச் செய்ய வேறு ஆள் இல்லை. அவர் என் பக்கம் வரவில்லை. தௌக்கேயிடம் பேசினார், எனக்குக் கேட்கும்படி.

"அவ இஷ்டப்படி செய்யட்டும்."

தப்பை ஒத்துக்கொண்டாரா? வாயால் இல்லை. நான் எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். "மூணு அடுக்கு. அடியில விலா எலும்பு மாதிரி நாலு குறுக்குச் சட்டம். பூட்டுக்கு இரும்புத் தகடு. மேல தோல் பட்டை ஒண்ணு, இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் இழுத்துக் கட்டணும்."

"பட்டையா? நாய்க்குக் கட்டுற மாதிரியா?"

"பூட்டு விட்டாலும் பட்டை பிடிக்கும். அது இல்லாம காடி இந்தப் பட்டறைய விட்டு வெளிய போகாது."

"வெளிய போகாதுன்னு சொல்ல நீ யாரு?"

"செஞ்சவ."

தௌக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். துரை கேட்டார். "இவ்வளவும் போட்டு, அது தாங்கலன்னா?"

அதற்கு என்ன பதில் சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்தது. "ஓட்டிப் பாக்குறப்ப பக்கத்துல நான் உக்கார்றேன்."

ஐந்து நாளில் செய்தேன். விலாச் சட்டத்துக்குப் பிரம்பை வளைத்து, கண்ணாடித் துணித் துண்டுகளும் பிசினுமாகப் பானெட்டின் அடியில் ஒட்டினேன். தோல் பட்டையை இரட்டைத் தையலாக நானே தைத்தேன். அபாங் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ஒரு கண்ணில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஆறாம் நாள் காலை அதே தஞ்சோங் கிளிங் சாலை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு காரில் ஏறினேன். முன்கண்ணாடி புதிதாகப் போட்டிருந்தது. பட்டறை வாசலில் அப்பா நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது. போ என்றோ போகவேண்டாம் என்றோ சொல்லவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஐம்பது மைல் வேகத்தில் காற்று காதை அடைத்தது. அறுபதில் தோல் பட்டை ரீங்காரம் போடத் தொடங்கியது. நான் கடலைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கவில்லை. விளிம்பையும் பூட்டையும் மட்டும் பார்த்தேன். எழுபதில் துரை ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். என்னைப் பயமுறுத்தத்தான் ஓட்டுகிறார் என்று புரிந்தது. எண்பது. எங்கிருந்தோ டக் என்று ஒரு சத்தம். பானெட் அசையவில்லை.

"போதுமா?" என்று கத்தினார்.

"போட்டியில எவ்வளவு போவீங்க?"

"தொண்ணூறு!"

"அப்ப போங்க!"

போனார். முள் தொண்ணூறைத் தொட்டது. கொஞ்ச தூரம் அப்படியே பிடித்தார். முதலில் காலை எடுத்தவர் அவர்தான்.

ஒரு தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தினார். முகம் மலர்ந்திருந்தது. நான் இறங்கி, பட்டையை அவிழ்த்து, பானெட்டைத் தூக்கி அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது விலாச் சட்டம் பானெட்டின் அடிப்பரப்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. அந்த டக் அதுதான். பிரம்பின் வழவழப்பான மேல்தோலில் பிசின் பிடிக்கவில்லை. சுரண்டிவிட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

"இது இன்னும் ஆகல துரை. ரெண்டு நாள் வேணும்."

"தொண்ணூறுல தாங்கிச்சே!"

"ஒரு தடவை தாங்கிச்சு. விலா விட்டிருக்கு, கைய விட்டுப் பாருங்க."

அவர் கையை விட்டுப் பார்த்தார். நெருப்பில் வைத்ததுபோல் எடுத்துக்கொண்டார். திரும்பும்போது நாற்பதில் ஓட்டினார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பானெட் தாங்கிவிட்டது. துரைக்குச் சந்தோஷம், தௌக்கேக்குச் சந்தோஷம், எனக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெயித்துவிட்டேன், ஊருக்கே காட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பானெட்டைத் தூக்கிப் பார்க்காமல் விட்டிருந்தால் போட்டியன்று இன்னொருவர் முகம் போயிருக்கும். துரையை எதிர்த்துப் பேசியதைவிட அந்த மூடியைத் திறந்ததுதான் கஷ்டம். நான் செய்தது சரி என்று எல்லோரும் சொல்லும்போது, இல்லை என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

பட்டறைக்கு வந்ததும் நான்கு சட்டங்களையும் பிடுங்கினேன். உடைந்த கண்ணாடித் துண்டால் பிரம்பின் தோலைச் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினேன். அபாங் பிரம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி தொண்ணூறுக்குப் போனோம். இந்த முறை சத்தம் இல்லை. திறந்து பார்த்தேன், எல்லாம் பிடித்திருந்தது.

போட்டியில் துரை ஜெயிக்கவில்லை. நான்காவதாக வந்தார். கனம் கூடியதால்தான் என்று கிளப்பில் சொல்லித் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும். அடுத்த மாதமே இரண்டு துரைகளும் ஒரு டாக்டரும் தங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களைக் கொண்டு வந்து, அதேபோல் பட்டை வைத்துச் செய்து தரச் சொன்னார்கள். தௌக்கே மெத்தை தைக்க வேறு ஆள் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையிலிருந்து நான் செய்த எந்தப் பானெட்டும் நான் பக்கத்து இருக்கையில் ஏறாமல் வெளியே போனதில்லை. வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் மட்டும் அபாங் ஏறினார். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நல்ல கண்ணால் என்னைப் பார்த்து, "கத்துறதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். இரண்டு தடவை இருந்தது. கத்தினேன். அவர் இறங்கிவிட்டார்.

இப்போது உங்களிடம் சோதனை மெஷின்கள் இருக்கின்றன. காரில் ஏற வேண்டிய அவசியமில்லை என்று உங்கள் மேனேஜர் சொல்வார். நான் அவரோடு சண்டை போட வரவில்லை. போடவும் தயங்கமாட்டேன். மெஷின் எண்ணைத்தான் சொல்லும். அந்த எண் பிடிக்காத ஒருவர் உங்கள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது அதை அரைக் குரலில் சொல்கிறீர்களா, முழுக் குரலில் சொல்கிறீர்களா என்பது உங்கள் பாடு.

கொடி மாறி இரண்டு வருடம் கழித்து துரை ஊருக்குக் கிளம்பினார். தோட்டத்துக்கு உள்ளூர் மேனேஜர் வந்துவிட்டார். காரை விற்றாயிற்று. தௌக்கேயிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவர், வெளியே போகும் வழியில் என் மேசை அருகே நின்றார். நான் ஒரு கதவின் அச்சில் துணி படியவைத்துக்கொண்டிருந்தேன். பிசின் கலந்தாயிற்று, கையை எடுக்க முடியாது. அவரும் அதைப் புரிந்துகொண்டு, நான் விளிம்பை முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அன்னிக்கு நீ ஏறி உக்காந்தியே. அது தாங்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

பிரஷைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரியாது துரை. அதனாலதான் ஏறினேன்."